காப்புரிமைக் கோரிக்கையை நீதிமன்றம் வாசிக்கும் விதத்தில் வாசிப்பது எப்படி?

கோயம்புத்தூரில் கிரைண்டர் தயாரிக்கும் ஒருவருக்குப் பதிவுத் தபாலில் வழக்கறிஞர் நோட்டீஸ் ஒன்று வருவதாக வைத்துக்கொள்வோம். தங்கள் இயந்திரம் எங்கள் கட்சிக்காரரின் காப்புரிமையை மீறுகிறது, உற்பத்தியை உடனே நிறுத்துக என்பது அதன் சாரம். காப்புரிமை ஆவணத்தைத் தேடி எடுத்ததும் பெரும்பாலோரின் கண் முதலில் போவது தலைப்புக்கும் வரைபடத்துக்கும்தான். ‘மேம்படுத்தப்பட்ட மாவு அரவை இயந்திரம்’ என்ற தலைப்பைக் கண்டு, நாம் செய்வதும் அதுதானே என்று சிலர் அஞ்சிவிடுகிறார்கள். படத்தில் இருக்கும் டிரம் நம்முடையதைப்போல் இல்லையே என்று சிலர் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறார்கள். இரண்டு முடிவுகளுக்கும் அடிப்படை இல்லை. உரிமையின் எல்லையை வகுப்பது ஆவணத்தின் கடைசிப் பக்கங்களில் எண்ணிட்டு வரும் உரிமைக்கோரிக்கைகள், அதாவது அலுவலக வழக்கில் ‘கிளெய்ம்’ எனப்படுபவை. முழு விவரக்குறிப்பு, பாதுகாப்புக் கோரப்படும் கண்டுபிடிப்பின் எல்லையை வரையறுக்கும் கோரிக்கைகளோடு முடிய வேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் பிரிவு 10(4)(சி)யில் சொல்கிறது.

அந்தக் கோரிக்கைகளை இந்திய நீதிமன்றங்கள் எவ்வாறு பொருள்கொள்கின்றன, கோரப்பட்ட பொருள் காப்புரிமைக்கே உரியதுதானா என்பதை எவ்வாறு தீர்மானிக்கின்றன, அதே வழியில் நாம் வாசிக்க என்ன செய்ய வேண்டும் என்பதையே இங்கு விளக்குகிறேன். தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: கோரிக்கைக்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு. மீறல் நடந்ததா என்று பார்க்கும்போது ஒரு பொருளும், காப்புரிமை செல்லுமா என்று பார்க்கும்போது இன்னொரு பொருளும் கொள்ள முடியாது. பிரிவு 64 கூறும் ரத்துக் காரணங்கள் அனைத்தையும் மீறல் வழக்கில் எதிர்வாதமாக வைக்கலாம் என்று பிரிவு 107 அனுமதிப்பதால், இவ்விரு கேள்விகளும் பெரும்பாலும் ஒரே வழக்கில், ஒரே நீதிபதியின் முன் வந்து நிற்கின்றன.

சரியான பிரதியை எடுப்பது

சிறிய வேலைதான், ஆனால் இதில் தவறுபவர்கள் அதிகம். காப்புரிமை அலுவலகத்தின் ‘இன்பாஸ்’ தேடுதளத்தில் ஒரே கண்டுபிடிப்புக்கு, விண்ணப்பமாக வெளியிடப்பட்ட வடிவமும் வழங்கப்பட்ட வடிவமும் கிடைக்கும். விண்ணப்பத்தில் கோரிக்கை அகலமாக இருக்கும். அலுவலகத்தின் ஆட்சேபணைகளைச் சந்தித்துக் குறுகிய பிறகே காப்புரிமை வழங்கப்பட்டிருக்கும். நோட்டீசுக்குப் பொருந்துவது வழங்கப்பட்ட வடிவம் மட்டுமே. விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகள் கடந்துவிட்டனவா, புதுப்பிப்புக் கட்டணம் ஒழுங்காகச் செலுத்தப்பட்டுள்ளதா என்பதையும் பதிவேட்டில் அப்போதே பார்த்துவிடுங்கள். ஆட்சேபணைக்கு விண்ணப்பதாரர் எழுதிய பதில்களையும் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய நுட்பத்திலிருந்து தம் கண்டுபிடிப்பை வேறுபடுத்திக் காட்ட அவர் அன்று எழுதிய வரி, இன்று அவர் கேட்கும் அகலமான பொருளுக்கு எதிராக நிற்கக்கூடும்.

மொழி குறித்தும் ஒரு சொல். இந்தியாவில் காப்புரிமை ஆவணங்களை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் தாக்கல் செய்ய வேண்டும். பட்டறையில் தமிழில் பிறந்த ஒரு யோசனை, வரைவாளர் தேர்ந்தெடுத்த ஆங்கிலச் சொல்லுக்குள் அடைபட்டே நீதிமன்றத்துக்கு வருகிறது. அங்கே பொருள் காணப்படுவது அந்தச் சொல்லுக்குத்தான்.

விவரணை முதலில், கோரிக்கை பிறகு

எல்லையை வகுப்பது கோரிக்கை என்றாலும், வாசிப்பை அங்கே தொடங்கக் கூடாது; கோரிக்கைகளுக்கு முன்னால் கண்டுபிடிப்பை விளக்கும் விவரணைப் பகுதியில் தொடங்க வேண்டும். மீர்ஸாப்பூரில் பித்தளைப் பாத்திரம் செய்யும் நிறுவனம் ஒன்று, பாத்திரங்களைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்து நிறுத்தும் சாதனத்துக்குப் பெற்ற காப்புரிமை தொடர்பான பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷியாம் வழக்கில், 1978 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. முதலில் விவரணையைப் படித்து, எது கோரப்படப்போகிறது என்பதற்கு மனத்தைத் தயார்செய்துகொண்டு, அதன் பிறகே கோரிக்கையைப் படிக்க வேண்டும். அந்தக் காப்புரிமை இறுதியில் நிற்கவில்லை. ஏற்கெனவே இருந்த பிடிப்பானில் செய்த சாதாரணப் பட்டறைத் திருத்தமே அது, கண்டுபிடிப்பு அன்று என்று நீதிமன்றம் முடிவுசெய்தது.

விவரணையைப் படிக்கும்போது இரண்டு கேள்விகளுக்கு விடை குறித்துக்கொண்டால் போதும். பழைய இயந்திரத்தில் இருந்த எந்தக் குறையைப் பற்றி இவர் பேசுகிறார்? அந்தக் குறையைத் தீர்ப்பது எந்தப் பாகம் என்கிறார்? கோரிக்கையின் எந்தச் சொல் எதற்காக வந்தது என்பது இந்த விடைகளிலிருந்தே புலப்படும். ஆனால் விவரணையில் மட்டும் இருந்து கோரிக்கையில் இல்லாத ஒன்றை உள்ளே இழுத்து வந்து கோரிக்கையைச் சுருக்குவதும், கோரிக்கையில் இருக்கும் ஒன்றை விவரணையைக் காட்டி அழித்து அதை விரிப்பதும் கூடாது.

கோரிக்கையைக் கூறுபோடுவது

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கோரிக்கையை எடுத்துக்கொள்வோம்: “மாவு அரைக்கும் இயந்திரம், அது உள்ளடக்கியவை: மோட்டாரால் சுழலும் டிரம், டிரம்மின் அடிக்கல்மீது உருளும் குறைந்தது இரண்டு கூம்புக் கற்கள், அக்கற்களைத் தாங்கிச் செங்குத்தாக நிற்கும் தண்டு, மாவின் வெப்பநிலையை உணர்ந்து மோட்டாரின் வேகத்தைக் குறைக்கும் கட்டுப்பாட்டுக் கருவி.”

ஒரு தாளில் கோடு கிழித்து, இடப்பக்கம் இந்த நான்கு கூறுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். வலப்பக்கம் உங்கள் இயந்திரத்தில் அதற்கு நிகரானது எது என்று எழுதுங்கள். வழக்கறிஞர்கள் ‘கிளெய்ம் சார்ட்’ என்று சொல்வது இதைத்தான். காப்புரிமை வழக்குகளுக்கென டெல்லி உயர் நீதிமன்றம் 2022இல் வகுத்த விதிகள், கோரிக்கைக்கு எவ்வாறு பொருள்கொள்ள வேண்டும் என்ற குறிப்பையும் மீறல் எவ்வாறு நிகழ்ந்தது என்ற குறிப்பையும் தனித்தனியே எதிர்பார்க்கின்றன. முதலாவதை முடிக்காமல் இரண்டாவதற்குத் தாவுவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நேரும் பிழை.

இப்போது சொற்களுக்கு வருவோம். ‘உள்ளடக்கியவை’ என்று நான் எழுதியது ஆங்கில வரைவில் ‘கம்ப்ரைசிங்’ என்று இருக்கும். அது திறந்த சொல். இந்த நான்கும் இருந்து, கூடுதலாக வேறு என்ன இருந்தாலும் கோரிக்கைக்குள் அடங்கும். ஆகவே, “நாங்கள் தேங்காய்த் துருவியும் சேர்த்திருக்கிறோம், எங்களுடையது வேறு இயந்திரம்” என்ற வாதம் எடுபடாது. அதே இடத்தில் ‘கன்சிஸ்டிங் ஆஃப்’ என்று இருந்தால் அது மூடிய சொல்; இவை மட்டுமே கொண்டது என்று பொருள்படும். துருவி சேர்த்தவர் அப்போது தப்பக்கூடும். ஒரு சொல்லில் ஒரு தொழிற்சாலை நிற்கிறது.

இரண்டாம் கோரிக்கை, “முதல் கோரிக்கையில் கூறிய இயந்திரம், அதில் கற்கள் மூன்று” என்று இருக்கலாம். இது முதல் கோரிக்கையைச் சார்ந்தது. கற்கள் மூன்று என்று தனியே ஒரு கோரிக்கை இருப்பதே, முதல் கோரிக்கை மூன்றுக்குள் அடைபடவில்லை என்பதற்குச் சான்றாகிறது. விவரணையில் கொடுத்த எடுத்துக்காட்டுகளும் இப்படித்தான். அவை கோரிக்கையை அந்த எடுத்துக்காட்டின் அளவுக்குச் சுருக்கிவிடுவதில்லை. எர்லோட்டினிப் என்ற புற்றுநோய் மருந்து குறித்த ரோஷ் – சிப்லா வழக்கில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு 2015 நவம்பரில் வழங்கிய தீர்ப்பு இந்த விதிகளில் பலவற்றை ஓரிடத்தில் தொகுத்துத் தருகிறது. சிப்லா, தன் மாத்திரை அந்தச் சேர்மத்தின் குறிப்பிட்ட ஒரு படிக வடிவம் என்றும், ஆகவே மீறல் இல்லை என்றும் வாதிட்டது. கோரிக்கை சேர்மத்தையே கோருகிறது, எந்தப் படிக வடிவத்துக்குள்ளும் அது சுருங்கவில்லை என்று அமர்வு முடிவுசெய்தது.

‘செங்குத்து’ என்றால் எவ்வளவு செங்குத்து?

மேலே உள்ள கோரிக்கையின் மூன்றாம் கூறில் ‘செங்குத்தாக’ என்ற சொல்லை வேண்டுமென்றே வைத்தேன். போட்டியாளர் அந்தத் தண்டை ஆறு பாகை சாய்த்து வைத்துவிட்டால் என்ன ஆகும்? பிரிட்டனில் இதே சிக்கல் எழுந்தது. கதவு, ஜன்னல்களின் மேல் வைக்கும் எஃகு விட்டத்துக்குக் காட்னிக் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. அதன் பின்தகடு செங்குத்தாக நிற்பதாகக் கோரிக்கை கூறியது. போட்டி நிறுவனத்தின் விட்டங்களில் அந்தத் தகடு செங்குத்திலிருந்து 6 பாகையும் 8 பாகையும் சாய்ந்திருந்தது. தீர்ப்பளித்த நீதிபதி டிப்ளாக் பிரபு சொற்களைக் கோணமானி வைத்து அளக்கவில்லை. கட்டுமானத் தொழிலை நடைமுறையில் அறிந்த ஒருவர் இந்தக் கோரிக்கையை வாசித்தால், இம்மியளவு சாய்ந்தாலும் எல்லைக்கு வெளியே போகட்டும் என்று உரிமையாளர் கருதியதாகவா புரிந்துகொள்வார் என்று கேட்டார். அவ்வளவு சாய்வால் தாங்கும் திறன் மிகச் சிறிதே குறைகிறது. ஆகவே மீறல் நிகழ்ந்தது. நோக்கம் சார்ந்த பொருள்கோடல் எனப்படும் இந்த முறையை இந்திய நீதிமன்றங்களும் மேற்கோள் காட்டிப் பின்பற்றுகின்றன.

இதை நமக்குப் பயன்படுமாறு சொன்னால்: உங்கள் தாளில் ஒரு கூறு அப்படியே பொருந்தாதபோது உடனே ‘இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். துறையை அறிந்த ஒருவர், விண்ணப்பம் செய்த காலத்தில், அந்தச் சொல்லை எப்படிப் புரிந்துகொண்டிருப்பார் என்று கேளுங்கள். கிரைண்டர் பட்டறையில் இருபது வருடம் வேலை பார்த்த மேஸ்திரியிடம் கேட்டால் இதற்கு நல்ல விடை கிடைக்கும், அகராதியில் கிடைக்காது. மறுபுறம், எண்ணை எழுதியவர் எண்ணுக்குள் நிற்க வேண்டியிருக்கும். ‘குறைந்தது இரண்டு கற்கள்’ என்று எழுதியவர், ஒரே கல் உள்ள இயந்திரத்தைப் பிடிப்பது மிகக் கடினம்.

ஒரு கூறு இன்றியமையாததா, அற்பமானதா என்ற கேள்வியும் இங்கே வரும். கார் நிறுத்தத் தானியங்கி தொடர்பான சோட்டெஃபின் வழக்கில் (2022) டெல்லி உயர் நீதிமன்றம், கண்டுபிடிப்பின் உயிர்நாடியான கூறுகள் எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தால், முக்கியமற்ற ஒன்று விடுபட்டதைக் காட்டித் தப்ப முடியாது என்றது. எது உயிர்நாடி என்பதைக் காண்பது எளிதன்று என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. 45 முதல் 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள் வைக்கும் இன்ஜினுக்கான பஜாஜ் காப்புரிமையின் பேரில், டி.வி.எஸ். ‘ஃப்ளேம்’ பைக்குக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2008 பிப்ரவரியில் இடைக்காலத் தடை விதித்தார். 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு அதை விலக்கியது. பிளக் இரண்டு என்பதுதான் கண்டுபிடிப்பின் மையமா, டி.வி.எஸ். இன்ஜினில் இருந்த மூன்று வால்வுகள் அதை வேறாக்கிவிட்டனவா என்பதே விவாதத்தின் கரு. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கணக்கு வைத்துக்கொண்டு விற்பனையைத் தொடரலாம் என்றும், இத்தகைய வழக்குகளை நாள்தோறும் விசாரித்து நான்கு மாதங்களுக்குள் முடிப்பது நல்லது என்றும் கூறியது. வழக்கு இரு தரப்பின் சமரசத்தில் முடிந்தது 2019இல். நான்கு மாதம் என்ற சொல்லை நம்பி வியாபாரத் திட்டம் போடாதீர்கள்.

இழுத்தால் அறுந்துபோகும் பொருள்

நம் கிரைண்டருக்குத் திரும்புவோம். உங்கள் இயந்திரம் மாவின் வெப்பத்தை உணர்வதில்லை. மோட்டாரின் உடல் சூடானால் மின்சாரத்தைத் துண்டிக்கிறது, அவ்வளவுதான். இதையும் நான்காம் கூறுக்குள் அடக்க உரிமையாளர் ‘மாவின் வெப்பநிலையை உணர்ந்து’ என்பதை ‘எங்கேனும் ஏற்படும் வெப்பத்தை உணர்ந்து’ என்று விரிக்கப் பார்ப்பார். விரிக்கட்டும். அந்தக் கணமே, சூடானால் தானே நின்றுபோகும் பழைய மோட்டார்கள் அனைத்தும் அவர் கோரிக்கைக்குள் வந்துவிடும். காப்புரிமை புதுமையற்றதாகி ரத்துக்கு உள்ளாகும். குறுக்கிப் படித்தால் நீங்கள் வெளியே நிற்கிறீர்கள், விரித்துப் படித்தால் அவர் விழுகிறார். ஒரே பொருள் என்ற விதியின் பலம் இது.

இந்த விதியின் மிகப் புகழ்பெற்ற களம் நோவார்ட்டிஸ் வழக்கு. இமாட்டினிப் மெசிலேட் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்தின் பீட்டா படிக வடிவத்துக்கு அந்நிறுவனம் 1998 ஜூலையில் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான் விண்ணப்பித்தது. இமாட்டினிப்பையும் அதன் உப்புகளையும் கோரிய ஜிம்மர்மன் காப்புரிமை அமெரிக்காவில் அதற்கு முன்பே இருந்தது. அந்தப் பழைய காப்புரிமையின் எல்லைக்குள் மெசிலேட் உப்பு அடங்கும், ஆனால் அங்கு அது வெளிப்படுத்தப்படவில்லை, எனவே அது புதியது என்பது நிறுவனத்தின் வாதம். ஆனால் அதே ஜிம்மர்மன் காப்புரிமையைக் காட்டி, பிரிட்டனில் மெசிலேட் மருந்தை விற்ற நேட்கோவுக்கு 2004இல் அது நோட்டீஸ் அனுப்பியிருந்தது. பிறரைத் தடுக்கும்போது அகலம், தனக்குப் புதிய உரிமை கேட்கும்போது குறுகல் என்ற இந்த இரட்டை வாசிப்பை 2013 ஏப்ரல் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. கோரிக்கை பிடிக்கும் பரப்புக்கும் ஆவணம் வெளிப்படுத்தும் பொருளுக்கும் இடையே அப்படியொரு பள்ளம் விழ இடம் தந்தால், காப்புரிமையின் அளவு வரைவாளரின் சாமர்த்தியத்தைப் பொறுத்ததாகிவிடும் என்பதே நீதிமன்றத்தின் கவலை. தெரிந்த பொருளின் புதிய வடிவத்துக்கு, பலன் கூடினாலன்றி, காப்புரிமை தராத பிரிவு 3(டி)யை வைத்து அந்தத் தீர்ப்பை 3(டி) தீர்ப்பு என்றே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கோரிக்கையைப் பொருள்கொள்ளக் கற்பிக்கும் பகுதி அதைவிடக் குறைந்ததன்று என்பது என் எண்ணம்.

காப்புரிமைக்கே உரியதா என்ற கேள்வி

இங்கே முதலில் ஓர் எச்சரிக்கை. இணையத்தில் தேடினால் முன்னே வந்து நிற்பது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஆலிஸ் தீர்ப்பு (2014). அங்கே விலக்குகளை நீதிமன்றங்கள் உருவாக்கின. இந்தியாவில் நாடாளுமன்றமே பிரிவு 3இல் எவை கண்டுபிடிப்பல்ல என்று பட்டியலிட்டுவிட்டது. ஆகவே நம் வேலை, கோரிக்கையின் பொருளை முன்கூறியபடி உறுதிசெய்துகொண்டு, அதன் சாரம் இந்தப் பட்டியலின் எந்த உட்பிரிவில் விழுகிறது என்று பார்ப்பதுதான்.

கிரைண்டரில் ஒரு துருவியையும் கடிகாரத்தையும் சேர்த்துக் கோரினால், ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குப் பழைய வேலையைச் செய்கிறது. தெரிந்த கருவிகளை அடுக்கி வைப்பது கண்டுபிடிப்பன்று என்கிறது 3(எஃப்). மாவின் வெப்பம் கட்டுப்பாட்டுக் கருவிக்குப் போய், அது மோட்டாரை மாற்ற, மாவு கெடாமல் இருக்கிறது என்றால் கூறுகள் ஒன்றோடொன்று இணைந்து வேலை செய்கின்றன. அந்த ஆட்சேபணை அவ்வளவு எளிதாக நிற்காது.

கணினி நிரலைப் பற்றிய 3(கே) அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் உட்பிரிவு. கணித முறை, வணிக முறை, கணினி நிரல் ‘பெர் சே’, அல்காரிதம் ஆகியவற்றை அது விலக்குகிறது. ‘பெர் சே’ என்றால் ‘தன்னளவில்’. நிரலோடு சேர்ந்து வரும் பிறவற்றுக்கு உரிமை மறுக்கப்பட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அச்சொல் சேர்க்கப்பட்டது என்று நாடாளுமன்றக் கூட்டுக்குழு விளக்கியிருக்கிறது. ஃபெரித் அல்லானி வழக்கில் (2019 டிசம்பர்) டெல்லி உயர் நீதிமன்றம் அதை நினைவூட்டி, தொழில்நுட்ப விளைவோ தொழில்நுட்பப் பங்களிப்போ இருந்தால், நிரலை அடிப்படையாகக் கொண்டது என்பதற்காக மட்டும் மறுக்க முடியாது என்றது. ஆனால் ‘பெர் சே’ என்ற சொல் நிரலுக்குத்தான். வணிக முறைக்கு அந்தச் சலுகை இல்லை. வலையமைப்பு வழியாக ஊடக உள்ளடக்கத்தைப் பரிசளிக்கும் முறையைக் கோரிய ஓபன்டிவி விண்ணப்பம், வணிக முறை என்ற காரணத்தால் 2023 மே மாதம் அதே நீதிமன்றத்தில் தோற்றது.

ஆகவே, வெப்பநிலை எண்களைப் பெற்று அரவை நேரத்தைக் கணக்கிட்டுக் கைபேசியில் காட்டுவதோடு நின்றுவிடும் கோரிக்கை ஆபத்தானது. அதே கணக்கு மோட்டாரின் வேகத்தை மாற்றி மாவின் சூட்டைக் குறைக்கிறது என்று எழுதியதன் நிலை வேறு. இங்கே சிலர், வெறும் கணக்கையே கோரிவிட்டு அதற்கு முன்னும் பின்னும் ‘பிராசஸர்’, ‘மெமரி’ என்று ஒட்டிவிடுவார்கள். கோரிக்கையின் உடையை விட உடம்பைத்தான் நீதிமன்றம் பார்க்கும்.

உட்பிரிவின் சொல்லும் கோரிக்கையின் சொல்லும் எதிரெதிரே வைத்து வாசிக்கப்படுவதைக் காண, சென்னை உயர் நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்த்த ஹாங்காங் சீனப் பல்கலைக்கழக மேல்முறையீட்டைப் படிக்கலாம். கர்ப்பிணியின் ரத்த மாதிரியில் கருவின் டி.என்.ஏ. எவ்வளவு பங்கு என்று கண்டறியும் முறையை, நோயறியும் முறை என்று கூறி 3(ஐ)யின்கீழ் அலுவலகம் மறுத்திருந்தது. உடலுக்கு வெளியே மாதிரியில் செய்யும் சோதனைக்கு இந்த விலக்கே பொருந்தாது என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் கோரப்பட்ட முறை அந்தப் பங்கைச் சொல்கிறதே தவிர நோயைக் கண்டறிந்து சொல்வதில்லை என்று கண்டு, மறுப்பை நீக்கியது.

நோட்டீசுக்குப் பதில்

தாள் நிரம்பியபின், உங்கள் இயந்திரத்துக்குப் பொருந்தாத கூறுகளையும் செல்லாமைக்கான காரணங்களையும் தனித்தனியே காட்டிப் பதில் எழுதுங்கள். காப்புரிமை வழங்கப்பட்டது என்பதாலேயே அது செல்லும் என்ற உத்தரவாதம் இல்லை என்று பிரிவு 13(4) சொல்வதால், செல்லாமை வாதத்தைத் தயங்காமல் வைக்கலாம். எதிர்த்தரப்பு கோரிக்கையைத் திருத்த முயன்றால், பிரிவு 59இன்படி முன்பிருந்த எல்லைக்குள்தான் திருத்தலாம், விரிக்க முடியாது என்பதைச் சுட்டிக்காட்டுங்கள்.

அவர்கள் மேலும் மிரட்டினால், ஆதாரமற்ற மிரட்டலுக்கு எதிராகப் பிரிவு 106இன்கீழ் வழக்குத் தொடரலாம். ஆனால் காப்புரிமை இருக்கிறது என்று தெரிவிப்பது மட்டும் மிரட்டலாகாது. வழக்கு வரும்வரை காத்திருக்க மனமில்லையென்றால் பிரிவு 105 இருக்கிறது. இயந்திரத்தின் முழு விவரங்களை உரிமையாளருக்கு எழுத்தில் அனுப்பி, இது மீறல் இல்லை என்று எழுதித் தருமாறு கேட்க வேண்டும். அவர் மறுத்தாலோ வாளாவிருந்தாலோ, மீறல் இல்லை என்ற பிரகடனம் கோரி வழக்கிடலாம். அந்த வழக்கில் காப்புரிமையின் செல்லுபடியைக் கேள்வி கேட்க முடியாது. கோரிக்கையின் பொருளும் நீங்கள் கோடு கிழித்து எழுதிய தாளும் மட்டுமே அங்கே பேசும் என்பதால், நான்கு கூறுகளில் ஒன்றேனும் ஐயமில்லாமல் வெளியே நிற்கும்போது மட்டும் அந்த வழியில் இறங்குங்கள்.